வேகமா, கதையா: டெல்டாவுக்கு எந்த தீம் பார்க் கட்டுப்படியாகும்?

2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே வொண்டர்லா பூங்கா திறந்தது. அங்கே இருக்கும் பெரிய ரோலர் கோஸ்டருக்கு 'தஞ்சோரா' என்று பெயர். தஞ்சாவூரை நினைவூட்டும் பெயர்தான். ஆனால் தஞ்சாவூர்க்காரர் அதில் ஏற வேண்டுமானால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அப்படியானால் காவிரிக் கரையிலேயே ஒன்று வந்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

கேள்வி எழுந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். உயரமான, வேகமான ரைடுகள் இருந்தால்தான் இளைஞர்கள் வருவார்கள் என்பார்கள் சிலர். சோழர் காலத்துக் கடைத்தெரு, துறைமுகம் என்று ஒரு உலகத்தையே எழுப்ப வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பல பத்தாண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை இது. அதன் அடிப்படைகளைப் பார்த்துவிட்டு டெல்டாவுக்கு வருவோம்.

முதலில் சில சொற்கள்

1. த்ரில் ரைடு: உடம்பில் விசையை ஏற்றி இறக்கி பயமும் குதூகலமும் தரும் இயந்திரம். ரோலர் கோஸ்டர், செங்குத்தாக விழும் கோபுரம், ஊசலாடும் கப்பல் எல்லாம் இதில் சேரும்.

2. தீம் பகுதி: கட்டடம், தரை, ஒலி, வாசனை, சாப்பாடு, ஊழியரின் உடை என்று எல்லாமே ஒரே கதையைச் சொல்லும் இடம். உள்ளே நுழைந்தவர் வெளியுலகத்தைப் பார்க்க முடியாதபடி திட்டமிடுவார்கள்.

3. டார்க் ரைடு: மூடிய கூடத்துக்குள், இருட்டில் வண்டியில் போய்க்கொண்டே காட்சிகளைப் பார்ப்பது. வேகம் குறைவு, கதை அதிகம்.

4. கொள்ளளவு: ஒரு ரைடு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்கும் என்ற கணக்கு. விளம்பரத்தில் இது வராது. ஆனால் பூங்காவின் தலையெழுத்தை எழுதுவது பெரும்பாலும் இதுதான்.

உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது

சாதாரண ரோலர் கோஸ்டர் வண்டியில் எஞ்சின் கிடையாது. சங்கிலி அதை மேலே இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன்பிறகு எல்லாம் புவியீர்ப்பின் வேலை. 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டிக்கு, உராய்வைக் கழிக்காமல் பார்த்தால், கீழே வரும்போது மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அதை இரட்டிப்பாக்க 30 மீட்டர் போதாது, 60 மீட்டர் வேண்டும். உயரத்தை நான்கு மடங்காக்கினால்தான் வேகம் இரண்டு மடங்காகும். இரும்பு, தூண், அஸ்திவாரம், பராமரிப்பு எல்லாம் ஏறிக்கொண்டே போக, பயணிக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் மட்டும் மெதுவாகத்தான் கூடும்.

இந்தக் கணக்கு தெரிந்தும் அமெரிக்கப் பூங்காக்கள் ஒரு காலத்தில் உயரப் பந்தயத்தில் இறங்கின. 1989-ல் ஒஹையோ மாநிலத்தின் சீடார் பாயின்ட் பூங்காவில் வந்த மேக்னம் ரோலர் கோஸ்டர் 205 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி என்பதால் அந்த உயரத்தை நம்மால் மனதில் கொண்டுவர முடியும். அதே பூங்காவில் 2000-ல் 310 அடி, 2003-ல் 420 அடி என்று ஏறியது. 2005-ல் நியூஜெர்சியில் வந்த கிங்டா கா 456 அடியைத் தொட்டது. இந்த உயரத்துக்குச் சங்கிலி சரிப்படாது என்று கடைசி இரண்டிலும் நீரழுத்த இயந்திரத்தால் வண்டியை உந்திவிட்டார்கள். அவை அடிக்கடி பழுதாகும் ரைடுகள் என்றே பெயர் வாங்கின. 420 அடி ரைடு 2021-ல் ஒரு விபத்துக்குப் பிறகு நின்றது, பின்னால் வேறு முறையில் மாற்றிக் கட்டினார்கள். கிங்டா கா 2024-ல் மூடப்பட்டு, 2025-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இருபது ஆண்டுகூட நிற்கவில்லை.

சாதனைக்காகக் கட்டிய ரைடுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அடுத்த ஊரில் பத்து அடி கூடுதலாக ஒன்று வந்த அன்றே இதன் விளம்பர மதிப்பு போய்விடும்.

வரிசையில் போகும் நாள்

இங்கேதான் கொள்ளளவு வருகிறது. ஒரு உதாரணக் கணக்கு போடலாம். இருபது பேர் உட்காரும் வண்டி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படுகிறது. மணிக்கு 600 பேர். எட்டு மணி நேரத்தில் 4,800 பேர். அன்றைக்கு ஐயாயிரம் பேர் வந்தால், ஆளுக்கு ஒருமுறை ஏற்றி இறக்கவே நாள் போதாது.

ஒருவர் எட்டு மணி நேரத்தில் பத்து ரைடு ஏறினார் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். மொத்தம் இருபது நிமிடம்தான் அவர் 'த்ரில்'லில் இருக்கிறார். மீதி ஏழரை மணி நேரத்துக்கும் மேல் அவர் நிற்கிறார், நடக்கிறார், சாப்பிடுகிறார், நிழல் தேடுகிறார். அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பதுதான் தீம் பகுதிக்காரர்களின் வாதத்துக்கு உயிர்நாடி. அந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது, ஒரு நிபந்தனையோடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கதைக்கு எவ்வளவு பலம்?

இதற்கு எல்லோரும் காட்டும் சான்று ஃபுளோரிடா. யுனிவர்சல் நிறுவனம் தன் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் பூங்காவில் 2010 ஜூனில் ஹாரி பாட்டர் உலகத்தைத் திறந்தது. தொழில்துறை மதிப்பீட்டின்படி 2009-ல் சுமார் 46 லட்சமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 2011-ல் 76 லட்சத்தைத் தாண்டியது. திறந்த அன்று அந்தப் பகுதியில் இருந்த மூன்று ரைடுகளில் இரண்டு பழைய ரோலர் கோஸ்டர்கள். பெயரையும் சுற்றுப்புறத்தையும் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டார்கள். புதிதாக வந்தது ஒரே ஒரு ரைடுதான். கூடவே கோட்டை, கடைத்தெரு, மந்திரக்கோல் விற்கும் கடை, கதையில் வரும் பானம். ரைடுக்கு வரிசையில் நிற்பதே கோட்டையைச் சுற்றிப் பார்ப்பதாக அமைந்தது. டிக்கெட்டுக்குமேல் மந்திரக்கோலும் பானமும் தனி வருமானம்.

இதை வைத்து 'கதை ஜெயித்தது' என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அந்த இரண்டு பழைய கோஸ்டர்களில் பெரியதை 2017-ல் எடுத்துவிட்டு, 2019-ல் அதே கதைக்குள் புதிய ரோலர் கோஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். திறந்த அன்று வரிசை பத்து மணி நேரத்தைத் தொட்டது. கதைக்குள் வேகம் சேர்ந்தபோதுதான் கூட்டம் அப்படி அம்மியது.

இன்னும் பழைய உதாரணம் டிஸ்னியின் ஸ்பேஸ் மவுண்டன். ஃபுளோரிடாவில் 1975-ல் திறந்தது, இன்றும் ஓடுகிறது. விண்வெளிப் பயணம் என்பது அதன் கதை. அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர்தான். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் பேருந்துகூட இதைவிட வேகமாகப் போகும். ஆனால் அது மூடிய கூடத்துக்குள், இருட்டில் ஓடுகிறது. அடுத்த வளைவு எங்கே என்று தெரியாத உடம்பு, 45-ஐ அதைவிட அதிகமாகவே உணர்கிறது. உயரத்துக்குக் கொட்ட வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை இருட்டும் கதையும் மிச்சப்படுத்துகின்றன. டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

கதை தோற்ற இடங்களும் உண்டு

1. டிஸ்னி 2022-ல் திறந்த ஸ்டார் வார்ஸ் விண்கல ஹோட்டல், நடிகர்களோடு இரண்டு நாள் முழுக்கக் கதைக்குள் வாழும் ஏற்பாடு. இரண்டு பேருக்கு ஏறத்தாழ 4,800 டாலர். அனுபவத்தைப் பாராட்டியவர்கள் பலர், ஆனால் அந்த விலைக்குத் தொடர்ந்து ஆள் கிடைக்கவில்லை. 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

2. அமெரிக்காவின் யூட்டாவில் எவர்மோர் என்ற பூங்கா, ரைடே இல்லாமல் கற்பனைக் கிராமமும் நடிகர்களுமாக 2018-ல் தொடங்கியது. 2024-ல் மூடியது.

3. நம் நாட்டில் மும்பைக்கும் புனேவுக்கும் இடையே 2013-ல் திறந்த இமேஜிகா, கதை வேண்டும் ரைடும் வேண்டும் என்று இரண்டையும் பெரிய அளவில் கட்டியது. கட்டியதில் பெரும்பகுதி கடன். எதிர்பார்த்த கூட்டம் வராமல் கடன் கழுத்தை நெரித்து, 2022-ல் மல்பானி குழுமத்தின் கைக்குப் போனது. அங்கே போனவர்கள் பூங்காவைக் குறை சொல்வது குறைவு. வட்டிதான் அதைச் சாய்த்தது.

4. வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது இந்தப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்துக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில்தான் 18 ஆகக் குறைந்தது.

டெல்டாவில் ஏற்கெனவே இருப்பவை

வேகம் டெல்டாவுக்குப் புதிதில்லை. வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி, ஊர்த் தேர், பொருட்காட்சி எதுவானாலும் லாரியில் ராட்டினம் வந்து இறங்கிவிடும். ஜெயண்ட் வீல், கொலம்பஸ், டோரா டோரா, மரணக் கிணறு. கூட்டம் இருக்கிற இடத்துக்கு ரைடு போகும், கூட்டம் முடிந்ததும் பிரித்து ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். நிலம் வாங்க வேண்டாம், வட்டி கட்ட வேண்டாம், ஆண்டு முழுக்கச் சம்பளம் போட வேண்டாம். நிரந்தரமான த்ரில் பூங்கா ஒன்று இங்கே வந்தால் அதன் முதல் போட்டியாளர் சென்னைப் பூங்கா அல்ல, இந்த லாரிதான். பாதுகாப்பில் லாரி ராட்டினம் தோற்கும், செலவில் ஜெயிக்கும்.

கதைப் பக்கத்திலும் நமக்கு அனுபவம் உண்டு. 1973-ல் பூம்புகாரில் தமிழக அரசு கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றுலாத் தலமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தொழில் கண்ணோடு பார்த்தால் அது தமிழ்நாட்டின் ஆரம்பகாலத் தீம் பகுதிகளில் ஒன்று. காப்பியம் சொல்லும் எழுநிலை மாடம், உள்ளே கண்ணகி கதையைச் சொல்லும் கற்சிற்பங்கள், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பாவை மன்றம், சங்கும் சிப்பியும் போன்ற வடிவத்தில் தங்கும் விடுதிகள். கதை முழுசாக இருந்தது. ஒரு ரைடு இல்லை என்பது பெரிய குறையில்லை. அந்த மன்றங்களுக்குள் தினமும் நிகழ்ச்சி எதுவும் நடப்பதில்லை என்பதுதான் குறை. மாதவி ஆடிய ஊரில் மாலை ஆட்டம் தினமும் நடக்கிறது என்றால் மக்கள் தங்குவார்கள். சிற்பத்தை ஒருமுறை பார்த்தவர் மறுபடி வரக் காரணம் வேண்டாமா? அப்புறம் கடற்காற்று. உப்பு ஏறிய சுதையும் கம்பியும் வருடம் தவறாமல் கவனிப்பு கேட்பவை.

நான் மேலே சொன்ன நிபந்தனை இதுதான். தீம் பகுதியின் செலவு திறப்பு விழாவோடு முடிவதில்லை. ஒவ்வொரு நாள் காலையும் பெயின்ட், விளக்கு, ஒலி, உடை, ஆட்டக்காரர் என்று அது திரும்பத் திரும்பக் கேட்கும். அந்தப் பணத்தை ஆண்டுதோறும் ஒதுக்க முடியாதவர்கள் ரைடு வாங்கிப் போடுவதே மேல். வெளுத்த ஃபைபர் யானையைவிட ஓடுகிற ராட்டினம் மரியாதையானது.

சமீபத்திய உதாரணம் திருச்சி கம்பரசம்பேட்டையில் 2025-ல் திறந்த பறவைகள் பூங்கா. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலங்களாகப் பிரித்து அமைத்திருக்கிறார்கள். இங்கே கதைக்குள் உயிர் இருக்கிறது, பறவை தினமும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். எண்ணம் நல்ல எண்ணம்.

இங்கே கணக்கு எப்படி மாறுகிறது?

1. யார் வருகிறார்கள்? டெல்டாவில் வெளியே கிளம்பினால் தனியாள் கிளம்புவதில்லை. தாத்தா, பாட்டி, சித்தி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வேன் பிடித்து வருவார்கள். பெரிய கோஸ்டர்களில் பொதுவாக 120 முதல் 140 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்கள் ஏற முடியாது. இதயநோய், ரத்த அழுத்தம், முதுகுவலி, கர்ப்பம் இருந்தாலும் கூடாது. அந்த வேனிலிருந்து இறங்கியவர்களில் பாதிப்பேர் பையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார்கள். ஆனால் டிக்கெட் எல்லோருக்கும். நாட்டின் பெரிய பூங்காக்களில் அது ஆளுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஏறாதவருக்கு அந்த ஆயிரம் உறுத்தும்.

2. மண். பழைய டெல்டா வண்டலும் களிமண்ணும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடங்களும் பல. உயரமான கோஸ்டரின் தூண்கள் அசையக் கூடாது என்பதால் இங்கே பைல் எனப்படும் அடித்தூண்களை ஆழமாக இறக்க வேண்டியிருக்கும், அது செலவு. நாகப்பட்டினம், பூம்புகார் பக்கம் போனால் இரும்பை அரிக்கும் உப்புக் காற்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு இதற்கெல்லாம் தோது.

3. நிலம். 2020-ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களையும் சேர்த்தது. அது குறிப்பிட்ட தொழில்களைத்தான் தடுக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவை. கேளிக்கைப் பூங்கா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. நஞ்சையை வேறு பயனுக்கு மாற்றுவதற்கான அனுமதி இருக்கிறதே, அந்த இடத்தில்தான் ஊர்க்காரர்கள் கண் வைக்க வேண்டும்.

4. மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பலத்த காற்றிலும் இடியிலும் வெளியே நிற்கும் உயரமான ரைடை ஓட்டக் கூடாது. தீபாவளி விடுமுறை, அரையாண்டு விடுமுறை இரண்டும் அதில்தான் விழுகின்றன. கூரைக்குள் இருக்கும் டார்க் ரைடுக்கு இந்தத் தொல்லை இல்லை.

5. பாதுகாப்பு. 2019-ல் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் ரைடு முறிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ரைடு உயரத்திலேயே நின்றுபோக, சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறை ஏணி வண்டி வைத்து இறக்க மூன்று மணி நேரத்துக்கு மேலானது. மாநகரத்தில் அந்த வண்டி கிடைத்தது. மாவட்டத் தலைநகரில் அந்த உயரத்துக்கு எட்டும் ஏணி எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்பதை, ரைடின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அப்படியானால் என்ன கட்டலாம்?

பிரான்சின் வான்டே பகுதியில் புயி து ஃபூ என்ற இடம் இருக்கிறது. பெரிய நகரம் எதுவும் ஒட்டி இல்லாத கிராமப்புறம். 1978-ல் இடிந்த கோட்டை ஒன்றின் முன்னால் சுற்றுவட்டாரத்து மக்களே தன்னார்வலர்களாக நடித்து, தங்கள் ஊர் வரலாற்றை இரவு நாடகமாகப் போட்டார்கள். 1989-ல் பகல் பூங்காவும் சேர்ந்தது. ரோலர் கோஸ்டரே இல்லாமல் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள். குதிரைப் பந்தயம், போர், வானில் பறவைகள் என்று காட்சிகளே அங்கே த்ரில். நம் பக்கத்திலேயே, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-லிருந்து தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பி, கைவினைஞர்களை அங்கேயே வேலை செய்ய வைத்த இடம். கூட்டத்தின் அளவு வேறு, ஆனாலும் வழி அதே வழி.

டெல்டாவிடம் அந்த மூலப்பொருள் மலிந்து கிடக்கிறது. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, பழுக்கக் காய்ந்த உலோகத்தை ஊற்றும் நொடியைப் பார்த்தவருக்கு அது எந்த ரைடுக்கும் குறைந்ததில்லை என்று தெரியும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, வீணை, திருபுவனம் பட்டு, மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகம். இந்தக் கலைஞர்களுக்குக் கடை போட இடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் போதாது. பூங்கா மாதச் சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். தீம் பகுதியின் அன்றாடச் செலவில் பெரியது இதுதான், இதில் கை வைத்தால் பூம்புகார் கதைதான்.

இதற்கு நடுவில், கூரைக்குள் ஓடும் நடுத்தர வேக ரைடுகள் இரண்டோ மூன்றோ. புகாரிலிருந்து புறப்பட்ட மரக்கலம் புயலில் மாட்டுவது, கல்லணையில் வெள்ளம் பாய்வது என்று கதைக்கா பஞ்சம்? பாட்டி ஏறக்கூடிய வேகம், பேரன் அலறக்கூடிய இருட்டு. உயரமான கோஸ்டரைச் சென்னைக்காரர்களே வைத்துக்கொள்ளட்டும். அதைத் தேடும் இருபது வயதுப் பையன் எப்படியும் ஒருமுறை சென்னைக்குப் போய்விடுவான். வருடத்துக்கு இரண்டு முறை அவன் குடும்பத்தோடு வரக்கூடிய இடம்தான் இங்கே தேவை.

திட்டம் வந்தால் கேட்க வேண்டியவை

1. கட்டும் செலவில் கடன் எவ்வளவு? முதல் மூன்று ஆண்டு எதிர்பார்த்ததில் பாதிக் கூட்டம் வந்தாலும் வட்டி கட்ட முடியுமா?

2. ஆண்டுப் பராமரிப்புக்கும் கலைஞர் சம்பளத்துக்கும் எழுத்தில் ஒதுக்கியிருக்கும் தொகை எவ்வளவு?

3. ரைடு ஏறாதவருக்குத் தனிக் கட்டணம் உண்டா?

4. நிழல் எங்கே? மே மாதம் திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வரிசை நிற்கும் இடத்துக்குக் கூரை போடாத வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

5. தண்ணீர். எந்தப் பூங்கா வந்தாலும் ஒரு வாட்டர் பார்க்கையும் சேர்த்துத்தான் வரும், நம் வெயிலில் கூட்டத்தை இழுப்பது அதுதான். தண்ணீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்துவார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஆவியாவது, சிதறுவது, வடிகட்டியைக் கழுவி வெளியேற்றுவது என்று தினமும் ஒரு பங்கு போகும், அதை ஈடுகட்டியாக வேண்டும். பூங்காவுக்கு உச்சக் கூட்டம் ஏப்ரல், மே விடுமுறையில். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12-ல், மூடுவது ஜனவரி 28-ல். அதாவது சறுக்குமரத்தில் தண்ணீர் அதிகம் வேண்டிய இரண்டு மாதமும் ஆறும் வாய்க்காலும் மணலாகக் கிடக்கும் மாதங்கள். அப்போது போர்வெல்தான் வழி, அதே போர்வெல் நீரை நம்பித்தான் பக்கத்து வயலில் கோடைப் பயிர் நிற்கும். கடலோரம் என்றால் அதிகமாக உறிஞ்ச உறிஞ்ச உப்பு நீர் உள்ளே ஏறும். ஆகவே 'தினமும் எத்தனை லிட்டர் புதுத் தண்ணீர், மே மாதம் அது எந்தக் கிணற்றிலிருந்து' என்ற கேள்விக்குச் சர்வே எண்ணோடு பதில் வாங்கிய பிறகுதான் ரைடா தீமா என்ற பேச்சையே தொடங்க வேண்டும்.